குப்பி

முள்ளியவளையில் இருக்கும் என் தங்கை இரவு எட்டு மணிக்குப் பிறகு யாரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை. கடந்த மாதம் ஓர் இரவு பத்து மணியளவில் அவளுடைய அழைப்பு வந்தபோது, கைபேசியைக் காதில் வைப்பதற்கு முன்னரே என் நெஞ்சு பதறியது. முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலில், இரவில் வந்த தொலைபேசி எதுவும் எனக்கு நல்ல செய்தி சொன்னதில்லை.

"அண்ணை, பிள்ளையோடை கதைச்சனீங்களோ? இப்பதான் எடுத்தனான். 'அம்மா, குப்பி இருக்கு, பிறகு கதைக்கிறன்' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாள். என்ன குப்பி? ஆற்றை குப்பி? எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை."

நான் சிரித்தேன். சிரித்த மறுகணமே அது தவறு என்றும் உணர்ந்தேன். வன்னியில் ஒரு தாயின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

பிள்ளை என்று அவள் சொன்னது தன் ஒரே மகளை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞான பீட மாணவி. 2009 இல் அவளுக்கு ஆறு வயது. அவ்வாண்டு மே மாதத்தில் தந்தையை இழந்தாள். தாயும் மகளுமாகச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் போய், ஓராண்டுக்கு மேல் கூடாரத்தில் இருந்து, பின்னர் ஊர் திரும்பியவர்கள். எங்கள் குடும்பத்தில் விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகம் போன முதலாவது ஆள் அவள்தான்.

வெளிநாடுகளில் இருக்கும் இளைய வாசகர்களுக்காக இந்தச் சொல்லைச் சற்று விளக்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்று "குப்பி" என்றால், மாணவர்கள் மாணவர்களுக்கு நடத்தும் வகுப்பு. பரீட்சை நெருங்கும் வேளையில், பாடம் நன்கு விளங்கிய ஒருவரோ மூத்த மாணவர் ஒருவரோ, விளங்காத ஏனையோரை வெறுமையாகக் கிடக்கும் விரிவுரை மண்டபத்திலோ மரத்தடியிலோ கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பது. இதற்குக் கட்டணம் கிடையாது. கால அட்டவணையிலும் இது இடம்பெறாது. சிங்கள மாணவர்களும் இதே சொல்லையே சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் கூடிப் படித்ததால் வந்த பெயர் என்பார்கள்.

ஆனால் எங்கள் மண்ணில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. போராளிகள் கழுத்தில் கட்டியிருந்த சயனைட் குப்பி அது. எத்தனையோ தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கடைசியாகக் கண்டபோது முதலில் கண்ணில் பட்டது அந்தக் கறுப்பு நூல்தான். என் தங்கைக்கு அந்த இரவில் நினைவு வந்ததும் அதுவே.

எனக்கோ இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் ஒரே மனிதரின் முகத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் சேர்ந்தது 1991 இன் கடைசியில். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. பூநகரிப் பாதையும் அடைபட்டுப்போக, வன்னியிலிருந்து குடாநாட்டுக்குப் போவதற்குக் கிளாலிக் கடல்நீரேரி ஒன்றே வழியாக இருந்தது. இருட்டிய பிறகே படகு புறப்படும். கொப்பிகளையும் உடுப்புகளையும் பொலித்தீன் பைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடற்படையின் வெளிச்சம் எந்தத் திசையில் தெரிகிறது என்று பார்த்தபடி இருப்போம். 1993 ஜனவரியில் அந்த நீரில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பிறகும் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம், திரும்பி வந்தோம். வேறு வழி இருக்கவில்லை.

1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பல மடங்கு விலையில் விற்றது. ஆகையால் ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியில் எரியும் விளக்கையே எல்லோரும் பாவித்தோம். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். திருநெல்வேலியில் நாங்கள் நான்கு வன்னிப் பெடியன்கள் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். நால்வருக்கும் ஒரே விளக்கு.

அந்த விளக்கடிக்குத்தான் அவர் வருவார். எங்களுக்கு ஓராண்டு மூத்தவர், பூநகரிப் பக்கத்தவர். நாங்கள் அவரை "அண்ணை" என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். புவியியலில் புள்ளிவிபரவியல் எங்கள் நால்வருக்கும் எமனாக இருந்தது. உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு எடுத்ததே கணக்கிலிருந்து தப்புவதற்காக என்ற எண்ணத்தில் இருந்தவர்களுக்கு, "நியம விலகல்" என்ற சொல்லே காய்ச்சலை உண்டாக்கியது.

அண்ணை அதைச் சூத்திரத்திலிருந்து தொடங்கவில்லை. "ஒரு குளத்துக்குக் கீழை பத்துப் பேருக்கு வயல் இருக்கு. சராசரியாய் ஏக்கருக்கு இருபது மூடை விளைஞ்சது எண்டு கந்தோரிலை எழுதுவினம். தலைப்பு வாய்க்காலில இருக்கிறவனுக்கு முப்பத்தைஞ்சு. கடைசியில இருக்கிறவனுக்கு அஞ்சு. இப்ப சொல்லு, இருபது எண்ட கணக்கு அந்தக் கடைசி ஆளுக்குச் சோறு போடுமோ? ஒவ்வொருத்தனும் அந்த இருபதிலையிருந்து எவ்வளவு தூரத்திலை நிக்கிறான் எண்டு பார்க்கிறதுதான் இது." குளங்களை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த எங்களுக்கு அதன் பிறகு அந்தப் பாடம் மறக்கவில்லை. வீட்டுக்கார அம்மா பனங்கட்டித் துண்டோடு வெறும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எண்ணெய் முடியப்போகிறது என்று ஒவ்வொரு நாளும் எச்சரித்துப் போவார்.

1993 இல் ஒருநாள் அண்ணை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எங்கே போனார் என்று நாங்கள் யாரையும் விசாரிக்கவில்லை. அந்நாட்களில் அப்படிக் காணாமற்போனால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய ஓராண்டின் பின்னர் கிளாலிக் கரையில், படகுக்குக் காத்திருந்த கூட்டத்தினிடையே அவரைக் கண்டேன். சீருடையில் இருந்தார். கழுத்தில் கறுப்பு நூல் தெரிந்தது. என்னைக் கண்டதும், "சோதினை முடிஞ்சுதோ? என்ன கிடைச்சுது?" என்று கேட்டார். புள்ளிவிபரவியலில் எனக்குத் திறமைச் சித்தி கிடைத்திருந்தது. சொன்னேன். மிகவும் மகிழ்ந்தார். அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது நிறைய இருந்தது. அதன் பின்னர் அவரை நான் காணவில்லை. செய்தியாளனாகப் பல நூறு பெயர்களை அச்சுக்கு அனுப்பியவன் நான். ஒவ்வொரு பட்டியலிலும் அவருடைய இயற்பெயரைத் தேடியிருக்கிறேன்.

இனி மருமகளின் கதைக்கு வருகிறேன்.

2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை, நாட்டின் நெருக்கடிகளால் பிந்தி, 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. அதை எழுதியவள் அவள். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின்படி நடைபெறுகிறது. ஒருவர் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் மேலே நிற்கிறார் என்பதே அந்தப் புள்ளி. அண்ணை இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பெரும்பாலான துறைகளில் இடங்களில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், எஞ்சிய ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. முல்லைத்தீவு அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளது. எழுபதுகளின் தரப்படுத்தல் யாழ்ப்பாண இளைஞர்களின் நெஞ்சில் ஏற்படுத்திய காயத்தைப் பற்றி நானே பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் மாவட்ட ஒதுக்கீடு இல்லையென்றால் நானும் அவளும் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டோம். இரண்டும் உண்மை. ஒன்றை எழுதும்போது மற்றதை விட்டுவிடுவது எங்கள் பத்திரிகைக்காரரின் பழைய பழக்கம்.

சேர்ந்து ஆறாவது வாரம் அவள் என்னை அழைத்தாள். "மாமா, நான் வீட்டை போகப்போறன். அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்." காரணம் ஆங்கிலம். விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கு, தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிட்டிருந்தது. கூடவே பணக் கவலை. மகாபொல உதவித்தொகை அப்போது மாதம் ஐயாயிரம் ரூபா. அதில் எத்தனை நாள் சாப்பிட முடியும் என்று நான் எழுதத் தேவையில்லை.

மறுநாள் பஸ் ஏறினேன். வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் பம்பைமடுவுக்குப் போக வேண்டும். 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது அது. போருக்குப் பின் பம்பைமடுவின் விடுதிக் கட்டடங்கள், சரணடைந்த பெண் போராளிகளின் புனர்வாழ்வு முகாமாக இருந்தன. அதே வீதியில் மேலும் சென்றால் செட்டிகுளம். மருமகள் ஆறு வயதில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற இடம்.

இவற்றில் எதையும் நான் அவளிடம் பேசவில்லை. பேசினால் "திரும்பிப் போகாதே" என்று மிரட்டுவதுபோல் ஆகிவிடும். சோற்றுப் பார்சல் வாங்கி இருவரும் மரத்தடியில் இருந்து சாப்பிட்டோம். "ஒரு தவணை பார். அதுக்குப் பிறகும் ஏலாது எண்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். அவளும் சம்மதித்தாள்.

அந்தத் தவணையில் அவளைக் காப்பாற்றியவள், ஒரு மூத்த மாணவி. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் தெரியாது. இருவருக்கும் ஆங்கிலமும் அரைகுறை. அதனால்தான் விளங்கியது என்கிறாள் மருமகள். "அவ பெரிய இங்கிலீஷ் சொல்லு ஒண்டும் பாவிக்கமாட்டா மாமா, தெரியாது." படம் கீறி, பழைய வினாத்தாள்களை வைத்து, இரவு பத்து மணிவரை நடந்த குப்பி அது.

எங்கள் பல்கலைக்கழகங்களில் மூத்தோர் இளையோரை நடத்தும் விதத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பகிடிவதை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் ஒழியவில்லை. அது செய்தியாகிறது, ஆகவும் வேண்டும். மற்றது இந்தக் குப்பி. இதை நான் ஒருநாளும் செய்தியாக எழுதியதில்லை. யாரும் கெட்டுப்போகாத ஒன்றில் செய்தி இல்லையென்று எங்களுக்குப் பழக்கப்பட்டுவிட்டது.

தங்கையின் அழைப்பு வந்த அந்த இரவில் மருமகள் குப்பிக்குப் படிக்கப் போகவில்லை. அவள் இப்போது மூத்த மாணவி. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரவியல் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். குளத்தையும் பத்து வயல்களையும் பற்றி நான் அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். அதையே இரணைமடுக் குளமாக்கி ஆங்கிலத்தில் சொன்னாளாம். வாய்க்கால் என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று பிள்ளைகளிடமே கேட்டு அறிந்தாளாம்.

தங்கைக்கு இதையெல்லாம் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். வகுப்புத்தான், வேறொன்றுமில்லை, மகள் படிப்பிக்கப் போயிருக்கிறாள் என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. மூச்சுவிடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள்:

"பத்து மணிமட்டும் எண்டால், அதுகளுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்க ஆரும் இருக்கினமோ அண்ணை?"