காளிகாட்டு நகைப் படங்கள்

கொல்கத்தாவில் குடியேறும் தமிழர் முதலில் அறிந்துகொள்ளும் இடங்கள் இரண்டு: காய்கறிக்கு லேக் மார்க்கெட், கும்பிடக் காளிகாட்டுக் கோயில். இரண்டுக்கும் இடையே நடை தூரந்தான். ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துக்கொண்டு நாம் பன்முறை சென்றுள்ள அச்சந்துகளில், 19-ஆம் நூற்றாண்டில், செம்பருத்தி மாலையோடு படங்களும் விலைபோயின.

இன்றுள்ள கோயில் 1809-இல் கட்டப்பெற்றது. யாத்திரிகர் பெருகவே, மேதினிப்பூர் முதலிய பகுதிகளிலிருந்து பட்டுவா என்னும் ஓவியர்கள் பிழைப்பு நாடி இங்கு வந்தனர். ஊரில் நீண்ட சுருளில் கதை தீட்டிப் பாடிக் காட்டியவர்கள் அவர்கள். நகரத்தில் நின்று கேட்க யாருக்கு நேரம்? ஆகவே ஆலைக் காகிதத்தில் தாளுக்கொரு காட்சி தீட்டினர். ஒருவர் கோடிழுக்க, வீட்டார் வண்ணம் நிரப்புவர். பின்னணி வெறுமையாகவே இருக்கும். ஏழையும் வாங்கத்தக்க விலை.

தெய்வ உருவங்களைத் தீட்டிய கை, வந்து சேர்ந்த நகரத்தையும் விட்டுவைக்கவில்லை. கொசுவிய வேட்டியும் சீமைச் செருப்புமாக நாற்காலியில் சாய்ந்து ஹூக்கா பிடிக்கும் பாபு; அவனையே ஆட்டுக்கடாவாக்கிக் கயிறு கட்டி இழுத்துச் செல்லும் தாசி; கணவனைத் துடைப்பத்தால் மொத்தும் மனைவி. நெற்றியில் திலகமும் வாயில் இறாலுமாக ஒரு பூனை! உருத்திராட்சப் பூனை என்று பேசும் நமக்கு, மாமல்லபுரத்துப் பாறையில் தவம் செய்யும் பூனையைக் கண்ட நமக்கு, இதற்கு உரை வேண்டுவதில்லை.

ஹவுராவிலிருந்து லோக்கல் வண்டியில் சென்றடையும் தாரகேசுவரத்து மகந்தின் தகாத உறவால் 1873-இல் ஒரு கொலை நேர்ந்தது. வழக்கில் மகந்து சிறை சென்றார். அவர் சிறையில் செக்காட்டும் காட்சியையும் பட்டுவாக்கள் தீட்டி விற்றனர். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்க்கு அதுவே பத்திரிகை.

பிறகு மலிவான அச்சுப் படங்கள் வந்து குவிந்தன. நாகரிகத்தை நகைத்த தொழிலை நாகரிகமே விழுங்கிற்று. 1930-களுக்குள் அது அநேகமாக மறைந்தது. தம் தந்தை சேர்த்த படங்களை ரட்யார்ட் கிப்ளிங் 1917-இல் இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். சௌரங்கியில் உள்ள இந்தியன் மியூசியத்தின் சேகரிப்பிலும் இத்தகைய படங்கள் உண்டு.

இரயில்வேயில் எழுத்தர்களுக்கு இன்றும் 'பாபு' என்றே பெயர். ஆகவே அப்படங்களின்முன் நாம் வெறும் வேடிக்கை பார்ப்பவராக நிற்க இயலாது. தவணையில் வாங்கிய பொருளை விருந்தினர் கண்ணில் படும்படி வைக்கும் நம் கூடத்தைப் பட்டுவா கண்டிருந்தால் தூரிகையை எடுத்திருப்பான். அவனும் நம்மைப் போல் வயிற்றுக்காக ஊரை விட்டு வந்தவன்தான். ஆயினும் நகரம் காட்டிய பகட்டைக் கண்டு மயங்காமல் சிரித்தான். அடுத்த முறை காளிகாட்டுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, பிரசாதத்தோடு இந்தச் சிரிப்பையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.