தொன்னையில் வந்த தமிழ்

கரோல்பாக்கில் நாங்கள் குடியேறிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. வெளியில் உண்ணச் செல்வதாயின் தமிழ்நாட்டு உணவு விடுதிக்கே செல்வது எங்கள் வழக்கம். இட்டிலியும் சாம்பாரும் மறந்தால் குழந்தைக்கு மொழியும் மறந்துபோம் என்று ஓர் அச்சம். எட்டு வயது மகளோ, தமிழில் வினவினால் இந்தியில் விடை தருவாள். 1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றில்தான் அவள் பயில்கிறாள். ஏட்டுத் தமிழில் குறையில்லை. பேச்சுத் தமிழ்தான் வீட்டில் ஒலிப்பதில்லை.

சென்ற ஞாயிறு மாலை, “எப்போதும் உங்களுக்குப் பிடித்த இடத்துக்கே போகிறோம், இன்று நான் அழைத்துப் போகிறேன்” என்று இந்தியில் சொல்லிவிட்டு முன்னே நடந்தாள். நின்ற இடம் தெருமுனைச் சாட் கடை. ஸ்பெயின் நாட்டில் ‘தாப்பாஸ்’ என்னும் சிற்றுண்டிகளைச் சிறு தட்டுகளில் வாங்கிக் கூடியிருந்து பகிர்ந்து உண்பர். தில்லிக்குச் சாட் அத்தகையது.

எங்களுக்குத் தெரிந்தது அலுவலக இந்தி. கடைக்காரர் விரைந்து ஏதோ கேட்டார், நாங்கள் விழித்தோம்.

“காரமா, இனிப்பா என்று கேட்கிறார், அம்மா” என்றாள் மகள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எவரும் தூண்டாமல் தமிழ் வந்திருந்தது! அதைச் சொல்லிக் காட்டினால் நின்றுவிடுமோ என்று வாய் திறக்கவில்லை.

முதலில் கோல்கப்பா வந்தது. உப்பிய சிறு பூரியைத் துளைத்து, உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் இட்டு, புதினாவும் புளியும் கலந்த நீரில் முக்கி, ஒவ்வொன்றாகத் தந்தார். “ஒரே வாயில் போடுங்கள், கடித்தால் சிந்தும்” என்று அவள் எச்சரித்தாள். கடித்தோம், ஆடை நனைந்தது, அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

அடுத்து வந்த தஹி பல்லாவைச் சுட்டி, “பயப்படாதீர்கள், இது நம் தயிர்வடைதான். மேலே ‘சோண்ட்’ சட்னி ஊற்றியிருக்கிறார்கள். ‘சோண்ட்’ என்றால் தமிழில் என்ன?” என்றாள்.

“சுக்கு.”

“இந்த இலைக் கிண்ணம்? இவர் ‘தோனா’ என்கிறாரே?”

“தொன்னை. ஊரில் கோயில் பொங்கலைப் பாட்டி உனக்கு இதில்தானே தருவார்?”

“தோனா, தொன்னை! இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே!” என்று வீடு சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தோம். இத்தனை நாளும் “தமிழில் பேசு” என்று கடிந்துகொண்டோமேயன்றி, அவள் எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு செய்தியேனும் விட்டுவைத்தோமா? எல்லாம் அறிந்தவர்போல் நின்ற எங்களிடம் அவள் எதைச் சொல்வாள்? அந்தக் கடையில் நாங்கள் அறியாதவர்களாய் நின்றோம். அவளுக்குத் தமிழ் தேவைப்பட்டது.

இனித் திங்களுக்கு ஒரு ஞாயிறு அவள் அழைக்கும் இடத்துக்கே செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த முறை ஊரிலிருந்து பாட்டியும் வந்துவிடுவார். அவருக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. எங்களுக்கு அதுவே பெருந்துணை.