கதவு மூடியிருந்தால் போதுமா?

பிட்டிங் ஷாப்பில் நாம் எல்லோரும் செய்கிற ஒரு திருட்டுத்தனம் உண்டு. ஆண் ஜாப்பையும் பெண் ஜாப்பையும் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரியும். இன்ஸ்ட்ரக்டர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து சுத்தியலால் ஓரத்தில் லேசாக நாலு தட்டு. இரும்பு பிதுங்கி இடைவெளி மறைந்துவிடும். மேலே அரத்தால் இரண்டு இழுப்பு. முடிந்தது வேலை! முதல் வருஷத்தில் இந்தக் கலையில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் போன கதைதான் இது.

நாலாவது செமஸ்டர் லீவில் பெங்களூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். விமானப் படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை, கிட் வாங்கித் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கிறார். "எனக்கு இவரோட கல்யாணம், இவருக்கு அதோட கல்யாணம்" என்பார் பெரியம்மா.

வீட்டில் விமானமா என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 1953-லேயே பால் போபரெஸ்னி என்பவர் இப்படிக் கட்டுகிறவர்களுக்காக மில்வாக்கியில் ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார். அங்கே ஒரு விமானத்தை 'அமெச்சூர்' விமானம் என்று பதிவு செய்ய வேண்டுமானால், வேலையில் பெரும்பகுதியைப் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஆட்கள் தாங்களே செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று அதற்குப் பெயர்.

"டிப்ளமோ படிக்கிறியே, இந்தக் கதவைச் செய்து காட்டு பார்ப்போம்" என்றார் பெரியப்பா. இன்ஜினை மூடியிருக்கும் கவ்லிங்கின் மேல் ஒரு சின்னக் கதவு. 20 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம். ஒவ்வொரு தடவை பறப்பதற்கு முன்பும் இதைத் திறந்துதான் ஆயில் அளவு பார்க்க வேண்டும். பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

"கீல் எந்தப் பக்கம்டா வைப்ப?"

"பின்பக்கம் பெரியப்பா. கார் பானட் மாதிரி."

"ஓடும்போது கார் பானட் லாக் விட்டா என்ன ஆகும்? காத்து தூக்கிக் கண்ணாடி மேல அடிக்கும். அதுக்குத்தான் அதுல ரெண்டாவதா ஒரு கொக்கி வச்சிருக்கான். இங்க கீல் முன்னாடி, லாக் பின்னாடி. லாக் விட்டாலும் எதிர்காத்தே கதவை அமுக்கி வைக்கும்."

அப்புறம் கணக்குப் போடச் சொன்னார். இன்ஜினைக் குளிர வைக்க முன்னாலிருந்து நுழையும் காற்று கவ்லிங்குக்குள் அழுத்தம் ஏற்றும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 50 மீட்டர். அந்த வேகக் காற்று அப்படியே தடைபட்டு நின்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 1530 நியூட்டன். நம் கதவின் பரப்பு 0.03 சதுர மீட்டர். பெருக்கினால் 46 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட நாலே முக்கால் கிலோ எடை உள்ளேயிருந்து கதவை வெளியே தள்ளலாம்! அதனால்தான் பின்மூலைகள் இரண்டிலும் கால் சுற்று லாக் ஒவ்வொன்று. நடுவில் தகடு உப்பாமலிருக்க உள்ளே ஒரு பட்டை.

கீலும் நம் வீட்டு ஜன்னல் கீல் இல்லை. பியானோ கீல் என்று நீளமாக வரும். ஒரே கம்பி எல்லாக் கண்ணிலும் நுழைந்திருக்கும். இன்ஜின் அதிர்ச்சியில் அந்தக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியே வந்துவிடும். அதற்காக ஒரு முனையை வளைத்துவிட்டு, மறுமுனையில் கடைசிக் கண்ணை நசுக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். சறுக்கியது ரிவெட்டில். ரிவெட்டின் மையம் ஓரத்திலிருந்து குறைந்தது அதன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளியிருக்க வேண்டும். என்னுடையது 2.4 மில்லிமீட்டர் ரிவெட், ஆகவே 4.8. அவசரத்தில் சென்டர் பஞ்ச் அடிக்காமல் டிரில் வைத்தேன். பிட் வழுக்கியது. கீல் தகட்டில் இரண்டு ஓட்டைகள் ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டன.

என்ன செய்தேன் தெரியுமா? பழைய கை ஆயிற்றே! ரிவெட்டை அடித்தேன், உள்பக்கம் பிரைமரைக் கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். வெளியே பார்த்தால் கதவு கண்ணாடி மாதிரி இருந்தது. பெரியப்பா தடவிப் பார்த்து, "உன் அப்பன் கையைவிட உன் கை சுத்தம்டா" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பிடும்போது அவர் ஒரு சம்பவம் சொல்லியிருந்தார். 2013 மே 24-ம் தேதி லண்டனில் ஓர் ஏர்பஸ் ஏ319 கிளம்பியபோது இரண்டு இன்ஜின்களின் மூடிக்கதவுகளும் பிய்த்துக்கொண்டு போயின. முந்தைய இரவு வேலை பார்த்தவர்கள் லாக் போடாமல் விட்டிருந்தார்கள். கதவுகள் பார்வைக்கு மூடித்தான் இருந்தன. ஒரு இன்ஜினில் தீயே பிடித்தது. நல்லவேளை, விமானம் திரும்பி இறங்கிவிட்டது. என் கதவும் பார்வைக்கு மூடித்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் உட்காரப் போவது இன்ஸ்ட்ரக்டரோ எக்ஸ்டர்னலோ இல்லை, என் பெரியப்பா.

காலையில் காபி குடிக்கும் முன்னே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கதவைக் கழற்றி, டிரில்லால் ரிவெட் தலைகளை எடுத்து, அந்த இரண்டு ஓட்டைகளையும் ஸ்கேலால் அளந்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஓட்டை போடும்போதே."

"அப்பவே சொல்லியிருந்தா ஒரு கீல்தான்டா போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் பேசாததுதான் உறைத்தது. கதவையே புதிதாகச் செய்யச் சொன்னார். மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் லாக் தலை மேலும் கதவு மேலும் சேர்த்து ஒரே நேராகச் சிவப்புக் கோடு போட வைத்தார். கோடு சேர்ந்திருந்தால் பூட்டியிருக்கிறது, விலகியிருந்தால் இல்லை. தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்.

ஊருக்குக் கிளம்பும்போது பழைய கதவைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தார். இப்போது அது ஹாஸ்டலில் என் மேஜை மேல் இருக்கிறது. அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்காத ஆளில்லை. எடுத்துத் திருப்பிக் காட்டுவேன்.

போன செமஸ்டர் பிராக்டிகலில் என் ஜாப்பில் இடைவெளி தெரிந்தது. எக்ஸ்டர்னல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை. மார்க் குறைந்தது. ராத்திரி தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்