மிதந்த துளி

மடுல்சீமைத் தோட்டப் பாடசாலையொன்றில் யாம் ஆசிரியராயிருந்த காலத்தில், 2016ஆம் ஆண்டு, எமது பாடசாலை மண்டபத்தில் இரத்ததான முகாமொன்று நடைபெற்றது. வைத்தியரும் தாதியரும் பதுளையிலிருந்து பசறை வழியாக வந்து சேர்ந்தனர். மேசைமீது அவர்கள் முதலில் எடுத்து வைத்தது நீல நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையொன்று. அதனைக் கண்டவுடன் நம் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடம் எமது நினைவில் எழுந்தது. அது மயில்துத்தக் கரைசலேயன்றி வேறன்று.

விரல் நுனியிற் குத்தியெடுத்த இரத்தத் துளியை அதனுள் விடுவர். அக்கரைசலின் தன்னீர்ப்பு 1.053. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 12.5 கிராம் ஈமோகுளோபினேனும் இருப்பின் துளி கனத்து அடியைச் சேரும். குறைந்தால் தாழாது நிற்கும். ஆக்கிமிடீசின் தத்துவத்தை வகுப்பில் மனனஞ் செய்த நாளில், அது மாந்தரைத் தெரிந்தெடுக்கவும் பயன்படுமென யாம் எண்ணியதில்லை.

முதலில் வந்தோர் படைவீரர் இருவர். அயற் சிங்களக் கிராமத்தவர். தியத்தலாவையிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்து விடுமுறையில் வந்தவர்கள். அவர்களுடைய துளி கல்லைப்போல் விழுந்தது. அவர்களுள் இளையவர், முகாமுக்குத் திரும்பியதும் மலையோட்டம் இருப்பதாகவும், இரத்தங் கொடுத்தால் ஓட்டமும் குறிபார்க்கும் திறனும் கெடுமோ என்றும் வினவினார். நல்ல வினா. யாமும் செவிசாய்த்தோம்.

வைத்தியர் கூறியது வருமாறு: ஒரு முறை எடுக்கப்படுவது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர், உடலிலுள்ள இரத்தத்திற் பத்திலொரு பங்கு எனலாம். அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் மீண்டுவிடும். செங்குழியங்கள் நிறையச் சில வாரங்களாகும். அவற்றோடு போன 200 முதல் 250 மில்லிகிராம் வரையிலான இரும்பு திரும்புதற்கு இன்னும் நெடுநாட் செல்லும். இரு கொடைகளுக்கிடையே நான்கு மாதம் விடச் சொல்வது இதனாலேயே. ஒட்சிசனைச் சுமப்பன செங்குழியங்களாதலின், உடலை முழுவதும் வருத்தும் நெடிய ஓட்டத்திற் குறைவு தெரியும். நடத்தல், எழுதல் முதலிய அன்றாடக் கருமங்களில் தெரியாது. மூளையோ தன் பங்கை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நோர்வே நாட்டின் கடற்படைச் சிறப்பு வீரர்களை, இரத்தங் கொடுத்த சில நிமிடங்களிலேயே சுமையுடன் நடக்கவும் சுடவும் வைத்துச் சோதித்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. காயப்பட்ட தோழனுக்குக் களத்திலேயே இரத்தங் கொடுத்தவன் மீண்டும் போரிட இயலுமா என்பதே அவர்களது கேள்வி. நன்கு பயின்ற அவ்வீரர்களின் திறனிற் பெருங்குறைவு காணப்படவில்லை. ஆயினும் அன்றைக்குப் பளு தூக்கலும் ஓட்டமும் வேண்டாவென வைத்தியர் அவ்விளைஞரைப் பணித்தார்.

யாமும் கொடுத்தோம். எமது விடுதி குன்றின் மேலிருந்தது. வழமையாக ஒருமுறை நின்று ஏறும் படிகளில் அன்று மூன்றுமுறை நின்றோம். இரவு அட்சரகணித விடைத்தாள்களைத் திருத்தினோம். கணக்கிற் பிழை விடவில்லை. (புள்ளிகளைத் தாராளமாக வழங்கிவிட்டோமென்று பின்னர் தோன்றியது, அதற்கு இரத்தத்தைக் குறைகூறுதல் நேர்மையன்று.) மாதமொன்று கழித்துப் பசறையிற் சந்தித்தபோது அவ்விளைய வீரரும், முதற் கிழமை மேடேறுகையிற் பின்தங்கியதாகவும், துவக்குச் சுடுதலில் வேறுபாடு காணவில்லையென்றும் சொன்னார்.

அம்முகாமில் எம் மனத்தை விட்டகலாதது வேறொன்று. படைவீரருக்குப் பின்னால் கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையாக நின்றனர். அவர்களுள் ஓரம்மையாரின் மகளுக்கு, முந்திய ஆண்டிற் பிள்ளைப்பேற்றின்போது பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு பை இரத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கடனைத் தீர்க்கவே அவர் வந்திருந்தார். அவருடைய துளி நீலநீரின் மேலேயே நின்றது. தாதி தலையசைத்தார். அம்மையார் எம்மைத் திரும்பிப் பார்த்து, "மிதக்கிறது நல்லதுதானுங்களே, மாஸ்டர்?" என்றார்.

யாம் விடை சொல்லத் தெரியாது நின்றோம். அவருக்குப் பின் வந்த பெண்களிற் பலரின் துளியும் அவ்வாறே நின்றது.

கணக்கு எளிது. ஈமோகுளோபின் 15 கிராமுள்ள வீரர் ஒரு பை கொடுத்தபின்னும் ஏறத்தாழ 13.5 கிராமுடன் எழுந்து போகிறார். ஒரு துளிக்கு மேற் கொடாத அம்மையாரோ 12.5 கிராமுக்குங் கீழ்நின்று, முதுகிற் கூடையுடன் அட்டை கடிக்கும் சரிவில் நாள்தோறும் ஏறுகிறார். உணவோ கோதுமை ரொட்டியும் சம்பலும். உடனே சாயத் தேத்தண்ணீர். தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்பை உடலிற் சேரவொட்டாது தடுப்பது. அவர் பறிக்கும் இலையே அவருக்குப் பகையாயிருக்கிறது. கொக்கிப்புழுவும் உண்டு, அதனை ஒழிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 அளவிலேயே இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களையே ஆராய்ந்து, எட்ஜெர்ட்டன், சேனவிரத்தின முதலியோர் 1979இற் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர்: இரும்புச்சத்துக் கொடுத்தபின், இரத்தம் மிகக் குறைந்திருந்த பெண்கள் முன்னிலும் கூடுதலாகக் கொழுந்தெடுத்தனராம். அதற்குமுன் அவர்களைச் சோம்பேறிகளென்று ஏசிய கங்காணிமார் எத்தனை பேரோ!

தோட்ட மருத்துவிச்சியிடம் அம்மையாரை அழைத்துச் சென்றோம். பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கிடைத்தன. சாப்பாட்டுடன் தேத்தண்ணீர் குடியாதிருக்கும்படி கேட்டுக்கொண்டோம்; ஒரு நாழிகை தள்ளிக் குடிப்பதாக உடன்பட்டார். அதற்குமேல் இசையவில்லை.

மறு ஆண்டு முகாம் வந்தபோது வரிசையின் முன்னணியில் நின்றார். துளி நடுவில் ஒரு கணந் தயங்கி, அடியைத் தொட்டது. அம்மையார் குனிந்து குவளையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தங் கொடுத்து எழுந்தவரிடம், வீரருக்கு வைத்தியர் சொன்னதையே யாமும் சொன்னோம்: நாளை மலைக்குப் போகவேண்டாம்.

"போகாட்டிப் பேர் விழாதுங்களே, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, கையிற் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி லயத்துக்கு நடந்தார்.