ஆரோக்கியத்தின் புலம்பலும் நம் சங்கடமும்

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலைப் படிக்கக் கொடுத்தால், நம் தோழர்கள் பலர் ஐம்பது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கும் அது சட்டென்று பிடிபட்ட நாவல் அல்ல. காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம்: ஆரோக்கியம், அவள் கணவன் சவுரி, பிள்ளைகள். அழுக்குத்துணி எடுப்பது, வெளுப்பது, பொழுது சாய்ந்தால் வீடு வீடாகச் சோறு வாங்குவது, களத்தில் தானியத்துக்கு நிற்பது, பிள்ளைப்பேறு, சாவு, மறுபடியும் அழுக்குத்துணி. நடுநடுவே ஆரோக்கியத்தின் புலம்பல். கதை எப்போது தொடங்கும் என்று காத்திருந்தால் சலிப்புதான் மிச்சம்.

பாதியைத் தாண்டியபோது அந்தச் சலிப்பே வேறாகத் தெரிந்தது. அவள் வேலைக்கு முடிவில்லை; பேசிய கூலி என்று ஒன்று இல்லை. ஒரு வீட்டில் சோறு, அடுத்த வீட்டில் வசவு. மகள் மேரி பாலியல் வன்முறைக்கு ஆளாகும்போது நியாயம் கேட்க ஓர் இடமில்லை. இதை நாலு வரியில் சொல்லியிருந்தால் தகவலாகக் கடந்து போயிருப்போம்.

எனக்குக் குறைகளும் உண்டு. காலனியை இப்படி அடுக்கி வைத்த ஊர்த்தெருவின் அதிகாரம் நாவலில் போதுமான அளவு தெரியவில்லை. ஆரோக்கியத்தின் துக்கமும் பழைய ஏற்பாடு கைநழுவுகிறதே என்பதாகவே பெரிதும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் மீது அவளுக்குக் கோபம் வரவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

நாவல் வந்த காலத்தில் தலித் தரப்பிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. "உங்களுக்குள்ளேயே இல்லையா?" என்று கேட்டு வாயடைக்கப் பார்ப்பவர்களை நாம் தினமும் சந்திக்கிறோம். ஆனால் அதற்கான பதிலை அம்பேத்கர் எப்போதோ சொல்லிவிட்டார். சாதி என்பது படிநிலைச் சமத்துவமின்மை. ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி இருப்பதால்தான் மொத்த ஏணியும் விழாமல் நிற்கிறது. அப்படியென்றால் நம் காலடியில் இருக்கும் படியைப் பற்றிப் பேசுவதும் சாதி ஒழிப்பு வேலைதான்.

 தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் புதிரை வண்ணாரும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்க எத்தனையோ குடும்பங்கள் இன்னமும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைகின்றன. 'வண்ணார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகையும் இடஒதுக்கீடும் போய்விடும். நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

தோழர்களே, அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு இந்த நாவலை எடுங்கள். முதல் ஐம்பது பக்கம் நகராது, பரவாயில்லை. முடித்ததும், நாவல் நல்லதா கெட்டதா என்று வாதாடும் முன், நம் காலனியில் சாவு விழுந்தால் சடங்கு வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறோம், என்ன கொடுக்கிறோம், 'வாங்க' என்கிறோமா 'வா' என்கிறோமா என்று பேசுங்கள்.