மீன் நிற்கும் இடம்

தை, மாசி மாதங்களில் கோயிலிலோ கலியாண வீட்டிலோ என்னைக் காணும் நண்பர்கள் தவறாமல் கேட்பது ஒன்றுதான். “அண்ணை, சிம்கோ ஏரியிலை எந்த இடத்திலை ஓட்டை போடுறியள்?” இதுவரை சிரித்துச் சமாளித்து வந்தேன். மீன்பிடிக்கிறவன் இடத்தைச் சொல்லமாட்டான் என்பது ஊரிலும் சரி, இங்கேயும் சரி, எழுதாத சட்டம். இந்த வருடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறது சிம்கோ ஏரி. பரப்பு 720 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். முதன்முதலில் அங்கே போனபோது நானும் எல்லோரையும் போல ஆட்கள் கூடியிருந்த இடத்துக்கே போனேன். தெற்கே குக்ஸ் குடாவில் ஐஸுக்கு மேல் ஒரு சின்ன ஊரே முளைத்திருந்தது. குடில்கள், ஸ்னோமொபைல்கள், கோப்பி வாசம், பிள்ளைகளின் கூச்சல். நாள் முழுக்க இருந்தேன். உள்ளங்கை நீளத்தில் பேர்ச் மீன்கள் அகப்பட்டன. நான் தேடிப்போன லேக் ட்ரவுட் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை வேலைத்தலத்தில் இதைச் சொன்னபோது என்னோடு ஒரே மெசினில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். வட ஒன்ராறியோவில் பிறந்து வளர்ந்தவர். “அங்கே நிற்பது ஆட்கள். மீனுக்கு என்ன வேணும் என்று நீ யோசித்தாயா?” என்றார். அந்தக் கேள்வியில் தொடங்கியது எங்கள் இருபது வருடச் சிநேகிதம்.

அவர் சொல்லித் தந்தது இதுதான். லேக் ட்ரவுட் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த தண்ணீரில் வாழும் மீன். கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிடும். அப்போது அது ஆழத்துக்கு இறங்கி அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். மாரியில் கதை வேறு. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் அடர்த்தி கூடியது. ஆகவே ஐஸுக்குக் கீழே உள்ள தண்ணீர் ஏறக்குறைய 0 பாகை, அடித்தண்ணீர் அதைவிடச் சற்றுச் சூடு. மேலிருந்து அடிவரை எல்லாமே இந்த மீனுக்குத் தாங்கக்கூடிய குளிர். கோடையில் பூட்டியிருந்த வீட்டின் எல்லாக் கதவுகளும் திறந்துவிட்ட மாதிரி அது விரும்பிய ஆழத்தில் திரியும். எனவே மாரியில் தேடவேண்டியது அதன் சாப்பாடு போய்வரும் வழியை. சிஸ்கோ, ஸ்மெல்ற் போன்ற சின்ன மீன்கள் எங்கே நெருக்கப்படுகின்றனவோ, அங்கே ட்ரவுட் வரும்.

அந்த இடத்தை ஏரியின் ஆழ வரைபடத்தில் கண்டுபிடிக்கலாம். கோடுகள் ஐதாக இருந்தால் அடி தட்டை. கோடுகள் நெருங்கி வந்தால் சரிவு செங்குத்து. கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் முனைகள், ஆழத்துக்கு நடுவில் கல் எழும்பி நிற்கும் மேடுகள், இரண்டு ஆழங்களுக்கு இடைப்பட்ட ஒடுக்கமான கழுத்து, இவைதான் முக்கியம். பரி நகரம் இருக்கும் கெம்பன்ஃபெல்ற் குடாவில் ஆழம் 41 மீற்றர் வரை போகிறது. குடில் கூட்டம் இல்லாத அந்தப் பக்கத்துச் சரிவுகளைக் கிழவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

கல்மேட்டை அவர் காட்டியபோது என் வாயில் தானாக ஒரு சொல் வந்தது: பார். மயிலிட்டியில் கடலடியில் கல் எழும்பிய இடத்தை அப்பா அப்படித்தான் சொல்வார். பாரின் விளிம்பில்தான் பெரிய மீன் நிற்கும் என்பார். அவரிடம் வரைபடம் இல்லை. காங்கேசன்துறை வெளிச்சவீட்டையும் கரையில் ஒரு பனையையும் ஒரு கோட்டில் பிடிப்பார். சீமெந்து ஆலைப் புகைபோக்கியை இன்னொன்றோடு சேர்த்து மற்றக் கோட்டைப் பிடிப்பார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லை இறக்குவார். கிழவரும் அதையேதான் செய்தார். ஒரு தேவாலயக் கூரையையும் தண்ணீர்த் தாங்கியையும் வைத்துக் குறி பார்த்தார். பாசை தெரியாத இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு.

இனி முறையைச் சொல்கிறேன். சனவரி தொடக்கத்தில், விடியப்புறத்தில், 25 அடியிலிருந்து 40 அடி வரையுள்ள விளிம்புகளில் தொடங்குங்கள். வெயில் ஏற ஏறவும் மாரி முற்ற முற்றவும் ஆழத்துக்கு நகருங்கள். பெப்ரவரியில் எனக்குக் கைகொடுத்தது 60 முதல் 90 அடி. சரிவின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று வரிசையாக ஓட்டை போடுங்கள். ஒரு ஓட்டையில் இருபது நிமிடம். ஒன்றும் வராவிட்டால் எழும்பி அடுத்ததுக்குப் போங்கள். ஐஸ் தெளிவாக இருந்தால் துளையே வேண்டாம். மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சோனாரின் கண்ணை அதில் வைத்தால் ஆழத்தைக் காட்டும்.

இந்த மீன் அடியில்தான் கிடக்கும் என்று நினைக்கவேண்டாம். சோனாரில் ஒரு கோடு உங்கள் இரையை நோக்கி வந்தால் தங்கூசியை விறுவிறு என்று மேலே சுற்றுங்கள். தப்பி ஓடுகிற இரையைத்தான் அது துரத்தும். அகப்பட்ட மீன் மேலே வரும்போது ஓட்டையில் முதலில் குமிழிகள் வரும். காற்றுப்பையின் காற்றை வாயால் வெளியே விட்டுக்கொண்டு வருகிறது. அந்தக் குமிழிகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை நடுங்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஐஸ். தெளிந்த நீல ஐஸ் குறைந்தது 4 அங்குலம் இல்லாமல் நடக்கக்கூடாது. வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான். சிம்கோவில் அழுத்தத்தால் ஐஸ் வெடித்து நீளமாக மேடு கட்டும். அதன் ஓரங்கள் நேற்றைப்போல இன்று இருக்காது. ஒருமுறை அப்படி ஒரு வெடிப்புக்கு அப்பால் நல்ல முனை ஒன்று இருக்கிறது என்று நான் அவசரமாக நடந்தேன். கிழவர் சத்தம் போட்டு நிறுத்தினார். கையில் இருந்த அலவாங்கு மாதிரியான கம்பியால் எனக்கு முன்னால் ஒரு குத்துக் குத்தினார். ஒரே குத்தில் கம்பி தண்ணீருக்குள் போய்விட்டது. “அந்தப் பக்கம் மீன் இருக்கலாம். நாங்கள் இருக்கமாட்டோம்,” என்றார். வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது மனிசி இரண்டு நாள் பேசவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பிடித்தவுடன் மீனின் செட்டைகளைத் தடவிப் பார்ப்பார். பண்ணைகளிலும் ஊர்களிலும் இருந்து வந்த பொஸ்பரஸால் ஏரியில் பாசி பெருகி, அது ஆழத்தில் அழுகி ஒட்சிசனைத் தின்றது. அதனால் பல பத்தாண்டுகளாக இங்கே ட்ரவுட் தானாகப் பெருகவில்லை. பொரிப்பகத்தில் வளர்த்து, அடையாளத்துக்கு ஒரு செட்டையை வெட்டி விட்டார்கள். 2008இல் ஏரியைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இப்போது செட்டை வெட்டாத மீன்களும் அகப்படுகின்றன. அவை இந்த ஏரியின் கல்லிலேயே பிறந்தவை. கிழவர் அவற்றை வைத்துக்கொள்ளவே மாட்டார். சட்டம் தடுக்கவில்லை, அவர் மனம் தடுத்தது.

2023 மார்கழியில் தொலைபேசி எடுத்தார். வயது 84. “இந்த மாரியில் ஒருதடவையாவது கூட்டிக்கொண்டு போ,” என்றார். அந்த மாரி கனடா கண்டறியாத சூடு. பெரிய ஏரி சரியாக உறையவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கரைக்குப் போய்ப் பார்த்து அவருக்குச் சொல்வேன். மாசி முடிந்தபோது, “சரி, அடுத்த வருடம்,” என்றேன். அந்த இலையுதிர்காலத்தில் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டில் அவருடைய மகள் ஒரு கடதாசிச் சுருளைத் தந்தார். அந்தப் பழைய ஆழ வரைபடம். பென்சிலால் புள்ளிகள், பக்கத்தில் ஆழம், மாதம். சில இடங்களில் பெருக்கல் குறி. ஐஸ் நம்பக்கூடாத இடங்கள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பாவின் நினைவுதான். 1990இல் மயிலிட்டியை விட்டு எல்லோரும் எழும்பினார்கள். துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். அதற்குள் அப்பா இல்லை. அவருடைய பார்கள் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. எந்தப் பனையை எதனோடு சேர்த்துப் பார்ப்பது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. படித்து வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை. இடத்தை ஒளித்து வைத்தால் மிஞ்சுவது இவ்வளவுதான். நான் இப்போது எழுதுவதற்கு இதுதான் காரணம்.

2025 பெப்ரவரியில் நல்ல ஐஸ். மகளின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு 65 தாண்டிவிட்டதால் அனுமதிப் பத்திரம் வாங்கத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். அவன் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவன், அவனுக்கும் வேண்டாம். பென்சில் புள்ளி ஒன்றில், 70 அடித் தண்ணீரில் ஓட்டை போட்டோம். அவன் கைபேசியை எடுத்து இடத்தைக் குறிக்கப் பார்த்தான். “பிறகு குறிக்கலாம். முதலில் நிமிர்ந்து பார். அந்தக் கூரையும் தண்ணீர்த் தாங்கியும் எப்படி நிற்கின்றன?” என்றேன். கனநேரம் பார்த்தான்.

மூன்றாவது ஓட்டையில் குமிழிகள் வந்தன. “அம்மப்பா!” என்று கத்தினான். ஏழெட்டு இறாத்தல் இருக்கும். நான் செட்டைகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் முழுதாக இருந்தன. அவனே குனிந்து, பூ உறைந்துபோவதற்கு முன் மீனைத் தண்ணீருக்குள் விட்டான். ஒரு வாலடி, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனிசி வாசலில் நின்று கேட்டா, “இஞ்சேருங்கோ, விடியப்புறம் போய் இப்பதான் வாறியள். மீன் எங்கை?”

பேரன் எனக்கு முந்திச் சொன்னான், “அது இருக்கிற இடம் எங்களுக்குத் தெரியும், அம்மம்மா.”