உடைந்த தெர்மாமீட்டரும் ஊறுகாய் பாட்டிலும்!

ஓசூர் சிப்காட் அருகே ஒரு வாடகை வீடு. இரவு மணி 11. நான்கு வயது மகளுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கணவர் நைட் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். டிஜிட்டல் தெர்மாமீட்டர் 101.2 காட்டுகிறது.

"இந்த மிஷினை யாரு நம்புறது? பழசை எடும்மா" என்கிறார் மாமியார். பீரோவிலிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டர் வெளியே வருகிறது. மருமகள் அதை உதறும்போது கை நழுவி, டைல்ஸ் தரையில் விழுந்து உடைகிறது.

தரையெங்கும் வெள்ளி முத்துகள். காய்ச்சலை மறந்து குழந்தை கை நீட்டுகிறாள். "நாங்க இதை உள்ளங்கையில உருட்டி விளையாடியிருக்கோம்" என்றபடி மாமியார் துடைப்பத்தை எடுக்கிறார்.

"வேண்டாம் அத்தை!" என்று தடுக்கிறார் மருமகள். தொழிற்சாலையில் வேலை பார்த்த நாள்களில், பாதுகாப்புப் பயிற்சியில் கேட்டது அவருக்கு நினைவிருந்தது.

பாதரசம் ஏன்?

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும், கண்ணாடியிலும் ஒட்டும். பாதரசம் மைனஸ் 39 டிகிரி வரை உறையாது, 357 டிகிரி வரை கொதிக்காது. சூட்டைச் சட்டென்று வாங்கி, சீராக விரியும். கண்ணாடியில் ஒட்டாது. பளபளப்பதால் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். 1714-ல் ஃபாரன்ஹீட் பாதரசத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் குமிழுக்கு மேலே ஓர் இடத்தில் குழாய் மிகவும் குறுகியிருக்கும். சூட்டில் விரியும் பாதரசம் அதைத் தாண்டி மேலே ஏறும். வாயிலிருந்து எடுத்ததும் அந்த இடத்தில் அறுபட்டு, ஏறிய அளவிலேயே நிற்கும். அதனால்தான் உதறி இறக்குகிறோம்.

உள்ளே இருக்கும்வரை அது நல்ல வேலைக்காரன். உடைந்தால்தான் வில்லன். சாதாரண அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். துடைப்பத்தால் பெருக்கினால் முத்துகள் இன்னும் பொடியாகச் சிதறி, ஆவியாவது அதிகமாகும்.

கொடைக்கானல் சொன்ன பாடம்

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவு பாதரசம்தான். அதையே லட்சக்கணக்கில் தயாரித்த ஊர் கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் அங்கே இடம் மாறியது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச் மாதம், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள். போராட்டம் வெடித்தது, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

தொழிலாளர்களின் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றது.

அந்த இரவில்...

மருமகள் முதலில் குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்பினார். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்தார். "ஓசூர் குளிர்ல யாராவது ஜன்னலைத் திறப்பாங்களா?" என்று மாமியார் முணுமுணுத்தார். அறைக்கதவைச் சாத்திவிட்டு, கையுறை மாட்டி, கெட்டி அட்டை இரண்டால் முத்துகளை ஒன்றுசேர்த்தார். பொடித் துளிகளை செலோ டேப்பில் ஒற்றி எடுத்தார். கண்ணாடித் துண்டு, அட்டை, கையுறை எல்லாம் இறுக மூடும் ஊறுகாய் பாட்டிலுக்குள் போயின.

காலையில் குப்பை வண்டி வந்தது. "குப்பையோட போட்டுடேம்மா" என்றார் மாமியார். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டு அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்தின. அதைத் தனியாகத்தான் தர வேண்டும். மருமகள் பாட்டில் மேல் 'பாதரசம் - திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, தூய்மைப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"நல்லவேளை சொன்னீங்கக்கா. இல்லைன்னா நான் கையாலதான் பிரிச்சிருப்பேன்" என்றார் அவர்.

கேட்டுக்கொண்டிருந்த மாமியார் எதுவும் பேசவில்லை. உள்ளே போய், பேத்தியின் அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தார். 99.1.

"பரவாயில்லை, இறங்கிடுச்சு" என்றார்.